கருந்துளை வீடியோவும் பதினொன்றாம் வகுப்பு குரூப்பும்

தென்காசி மாவட்டம் கடையத்திலிருந்து ஓர் அப்பா கேட்டிருக்கிறார். மகள் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள், கணக்கில் நல்ல மார்க். ராத்திரி பதினொன்று வரை போனில் கருந்துளை, வேற்றுக்கிரகவாசி என்று வீடியோ பார்க்கிறாளாம். ‘ஆஸ்ட்ரோபிசிக்ஸ்தான் (வான் இயற்பியல்) படிப்பேன்’ என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். ‘இது சோறு போடுமா? பேசாமல் காமர்ஸ் எடுக்க வைத்து பேங்க் பரீட்சைக்குத் தயார் பண்ணிவிடலாமா?’ என்பது அவர் கேள்வி.

அண்ணாச்சி, அட்மிஷன் நெருங்குகிறது, முதலில் குரூப் விஷயத்தை முடித்துவிடுவோம். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் இருக்கிற குரூப்பில் சேருங்கள். நாலாவது பாடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தால் நல்லது. பயாலஜிதான் இருக்கிறது என்றாலும் பாதகமில்லை. பேங்க் பரீட்சையை எந்த டிகிரியை வைத்தும் எழுதலாம், அந்தக் கதவு எங்கேயும் போய்விடாது. காமர்ஸ் எடுத்த பிள்ளை இயற்பியலுக்குத் திரும்புவதுதான் நடக்காத காரியம். ஆசை நிலைக்குமா, நிலைக்காதா என்று இன்றைக்கே நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு இரண்டு வருஷம் இருக்கிறது.

சரி, ஆசைக்கு வருவோம். வானம் பிடிக்கும் என்று வருகிற பிள்ளைகள் எல்லாரும் ஒரே ரகம் இல்லை. பெரும்பாலோருக்குப் பார்க்கப் பிடிக்கும், ஆச்சரியப்படப் பிடிக்கும். சிலருக்கு ராக்கெட்டும் எஞ்சினும்தான் உயிர். ‘அது ஏன் அப்படி இருக்கிறது’ என்று பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போடப் பிடித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆஸ்ட்ரோபிசிக்ஸ் என்பது இந்தக் கடைசிக் கூட்டத்துக்கான படிப்பு. பிள்ளை எத்தனை மணி நேரம் வீடியோ பார்க்கிறாள் என்பதை வைத்து அவள் எந்த ரகம் என்று சொல்ல முடியாது. அதற்கு நான் சொல்லும் வழி வேறு.

ஒரு 10×50 பைனாகுலர் (பத்து மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 50 மி.மீ. அகலம்) வாங்கிக் கொடுங்கள். வியாழன் கிரகம் சாயங்காலம் தெரிகிற மாதங்களில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, கை ஆடாமல் பார்க்கச் சொல்லுங்கள். வியாழனுக்கு இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் மூன்று, நான்கு சின்னப் புள்ளிகள் தெரியும்; அவை அதன் நிலாக்கள். தினமும் ராத்திரி ஒரே நேரத்தில் பார்த்து, எந்தப் புள்ளி எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று நோட்டில் வரைய வேண்டும். 1610 ஜனவரியில் கலிலியோ செய்த அதே வேலைதான். இரண்டு மாதம் கழித்து ஒரே கேள்வி: ரொம்பத் தூரம் போய்வருகிற நிலா ஒரு சுற்றுக்கு எத்தனை நாள் எடுக்கிறது? புள்ளிகளில் பேர் எழுதியிருக்காது, நடுவில் மேகம் போட்டு நாலு நாள் விட்டுப்போகும், ஒரு புள்ளி வியாழனுக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். அத்தனையும் தாண்டி பதினாறு, பதினேழு நாள் என்று விடை சொல்லிவிட்டால் (சரியான கணக்கு 16.7) அந்தப் பிள்ளையைத் தடுக்காதீர்கள். நோட்டு நாலாம் பக்கத்தோடு நின்றுபோனாலும் திட்ட வேண்டாம். அவளுக்கு வானம் பார்க்கப் பிடிக்கிறது, அவ்வளவுதான். எந்த வேலைக்குப் போனாலும் கூடவே வைத்துக்கொள்ளக்கூடிய நல்ல பழக்கம் அது.

அதற்கு நம்ம ஊர் தோதான ஊர் என்பதையும் சொல்ல வேண்டும். வடநாட்டில் அடிவானத்தை ஒட்டிக் கிடக்கிற தென்வானம் நமக்கு நன்றாக மேலே வரும். பொதிகையில் இருக்கிறவர் என்று நாம் சொல்கிற அகத்தியரின் பேரில் உள்ள நட்சத்திரம் (கனோபஸ்), வானத்தில் பிரகாசத்தில் இரண்டாவது. மாசியில் ராத்திரி எட்டு, ஒன்பது மணி வாக்கில் தெற்கே பளிச்சென்று நிற்கும். டெல்லியில் முழுசாக எழாத தென்சிலுவையை நாம் சித்திரை, வைகாசியில் வீட்டு மாடியிலிருந்தே பார்க்கலாம். சாரல் காலத்தில் எதுவும் தெரியாது, அது வேறு விஷயம். திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் இருக்கிற மாவட்ட அறிவியல் மையத்துக்கும் ஒரு நடை கூட்டிப் போங்கள்.

இனி, கணக்குப் போடுகிற ரகம் என்று தெரிந்தால் என்ன வழி? பிளஸ் டூ முடித்ததும் ஐ.ஏ.டி. என்கிற நுழைவுத் தேர்வு எழுதினால், மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களான ஐசர்களில் (IISER) ஐந்து வருஷப் படிப்பு. அதில் ஒன்று திருவனந்தபுரம் பக்கம் விதுராவில் இருக்கிறது. திருவனந்தபுரத்திலேயே விண்வெளித் துறையின் கல்வி நிறுவனமான ஐ.ஐ.எஸ்.டி. இருக்கிறது, அங்கே இளநிலைக்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு (ஐ.ஐ.டி.களுக்கான நுழைவுத் தேர்வு) ரேங்க் வேண்டும். அதற்கு முந்தைய கட்டமான ஜே.இ.இ. மெயினைத் தமிழில் எழுதலாம். அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். தமிழ் மீடியம் பிள்ளை என்றால் இப்போதிருந்தே இயற்பியல் கணக்குகளை ஆங்கிலத்திலும் படித்துப் பழகட்டும். இரண்டும் கிடைக்கவில்லையா, குடி முழுகிவிடாது. பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. இயற்பியல் படித்து, ஜாம் (JAM) நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி., பிறகு ஜெஸ்ட் (JEST) நுழைவுத் தேர்வு எழுதி ஆராய்ச்சிப் படிப்பு என்று போகலாம். செலவு குறைவு, பிள்ளை கண் முன்னால் இருப்பாள். எனக்குப் பிடித்தது இந்த வழிதான்.

ஆனால் இது நெடும் பயணம். டாக்டர் பட்டம் கைக்கு வரும்போது வயது இருபத்தெட்டு, இருபத்தொன்பது ஆகிவிடும். ‘அதற்குள் கல்யாணம்...’ என்று நீங்கள் இழுப்பது எனக்குக் கேட்கிறது. அதை அவளிடமே பேசுங்கள். ஆராய்ச்சிக் காலத்தில் கையேந்த வேண்டியதில்லை, இளநிலை ஆராய்ச்சியாளருக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். நிரந்தர ஆராய்ச்சி வேலைகள் குறைவு என்பதும் உண்மை. ஆகவே கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷமே பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொள்ளட்டும். இன்றைய வானியலில் பாதி வேலை டேட்டாவோடுதான், பாதியில் இறங்க நேர்ந்தாலும் அது கைகொடுக்கும்.

‘இதுக்கெல்லாம் வெளிநாடு போகணுமாமே’ என்றும் கேட்டிருந்தீர்கள். கொடைக்கானலில் நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. நாம் சிற்பம் பார்க்கப் போகிற, நெல்லைப் பக்கத்துக் கிருஷ்ணாபுரத்திலேயே பூமியின் மேல்வளிமண்டலத்தை ஆராயும் மத்திய அரசு ஆய்வுக்கூடம் இருக்கிறது.

அவள் ராக்கெட் ரகம் என்றால் பாதை இன்னும் சுலபம். பணகுடி, காவல்கிணறு பக்கம் போனால் மகேந்திரகிரி, இஸ்ரோவின் எஞ்சின் சோதனை மையம் இருக்கிற இடம். சந்திரயான்-3 போன ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சினை (கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடுவது) அங்கேதான் சோதித்தார்கள். இஸ்ரோவில் விஞ்ஞானிகள் மட்டும் இல்லை. டிப்ளமோ படித்தவர்களுக்கு டெக்னிக்கல் அசிஸ்டென்ட், ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு டெக்னீஷியன் வேலைகளும் உண்டு. 2025 முதல் இஸ்ரோ தலைவராக இருக்கும் நாராயணன், குமரி மாவட்டத்துக்காரர், டிப்ளமோவில் தொடங்கியவர். சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். நெல்லை அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர். கடையத்துக்கும் செங்கோட்டைக்கும் எவ்வளவு தூரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, அந்த ‘ஸ்பேஸ் சயின்ஸ்’ சர்டிபிகேட் கோர்ஸ். ஆன்லைனில் மூன்று மாதம் படித்தால் இஸ்ரோவில் முன்னுரிமை கிடைக்கும் என்று சொல்லி அட்வான்ஸ் கேட்கிறார்கள் என்றீர்கள். அப்படி ஒரு முன்னுரிமை கிடையாது. பணத்தைக் கட்டாதீர்கள், அதில் ஒரு பகுதியிலேயே பைனாகுலர் வாங்கிவிடலாம்.