மூத்த அணியும் டிராஃப்ட் உரிமைகளும்: வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: தூண்களாக இருக்கும் வீரர்களுக்கு முப்பத்தைந்து வயது கடந்துவிட்ட பிட்ஸ்பர்க் பெங்குயின்ஸ் போன்ற அணி, எதிர்கால டிராஃப்ட் உரிமைகளை, அதாவது ஆண்டுதோறும் இளம் வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும்போது தனக்குள்ள இடங்களை, கொடுத்து அனுபவ வீரர்களை வாங்கலாமா?

பதில்: வாங்கப்படுபவரின் வயதைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல இயலாது. சிட்னி கிராஸ்பியும் கிரிஸ் லெட்டாங்கும் 1987-இலும், எவ்கெனி மால்கின் 1986-இலும் பிறந்தவர்கள். இந்த மூவரைக் கொண்டு 2009, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்ற அணி, கோப்பைக்கான இறுதிக்கட்டப் போட்டிகளான பிளேஆஃபுக்குத் தொடர்ந்து 16 முறை சென்ற பிறகு 2023-இல் முதன்முறையாக வாய்ப்பை இழந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், அணி நிர்வாகப் பொறுப்புக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்த கைல் டூபஸ், சான் ஹோசேயிலிருந்து எரிக் கார்ல்சனை வாங்கினார். முந்தைய சீசனில் கோல்களும் கோல் உதவிகளுமாக 101 புள்ளிகள் எடுத்து, சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருதை வென்றிருந்த கார்ல்சனின் திறமையில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் அப்போது அவருக்கு வயது 33. இன்னும் நான்கு சீசன்கள் மீதமிருந்த அவருடைய ஒப்பந்தத்தில், ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் பிட்ஸ்பர்க்கின் ஊதிய உச்சவரம்புக் கணக்கில் ஏறியது. அவரை வைத்துச் சீராகும் என்று எதிர்பார்த்த பவர் பிளே (எதிரணி வீரர் தண்டனையால் வெளியே இருக்கும்போது கூடுதல் ஆளோடு ஆடுவது) அந்த ஆண்டில் லீக்கின் மிக மோசமானவற்றுள் ஒன்றாக முடிந்தது. 2024-இலும் 2025-இலும் அணி மீண்டும் பிளேஆஃபுக்கு வெளியே நின்றது.

மூத்த அணிக்குக் குறைவாக இருப்பது அனுபவமன்று, வேகம். அடுத்தடுத்த இரவுகளில் ஆடும்போது ஆட்டத்தின் கடைசிப் பகுதியான மூன்றாம் பகுதியில் பக்கை (ஆட்ட வட்டை) விரட்டிப் பிடிக்கும் கால்கள் அதற்கு வேண்டும். முப்பது வயதைத் தாண்டிய இன்னொருவரை வாங்குவது, இருக்கும் குறையையே விலை கொடுத்துப் பெருக்கிக்கொள்வதாகும்.

கேள்வி: கார்ல்சனுக்காகக் கொடுத்த முதல் சுற்று உரிமைக்குப் பாதுகாப்பு நிபந்தனை இருந்ததே?

பதில்: இருந்தது. டிராஃப்டில் பின்தங்கிய அணிகளுக்கே முன்னிடங்கள் கிடைக்கும். 2024-ஆம் ஆண்டு உரிமை முதல் பத்து இடங்களுக்குள் அமைந்தால் பிட்ஸ்பர்க் அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். அணி பிளேஆஃபை மயிரிழையில் தவறவிட்டதால் அது 14-ஆவது இடமாக அமைந்து, கைமாறிப் போனது. மிக நன்றாகவும் ஆடாமல், மிக மோசமாகவும் ஆடாமல் நடுவில் நிற்பதே மூத்த அணிகளின் வழக்கம் என்பதால், இத்தகைய நிபந்தனை அவற்றைக் காப்பது அரிது.

கேள்வி: சிகாகோ பிளாக்ஹாக்ஸ் 2015-இல் இதே வழியில்தானே கோப்பையை வென்றது?

பதில்: ஆம். முதல் சுற்று உரிமையையும் கிளாஸ் டால்பெக்கையும் கொடுத்து அரிசோனாவிலிருந்து வாங்கிய ஆன்ட்வான் வெர்மெட், இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்திலும் ஐந்தாம் ஆட்டத்திலும் வெற்றி கோலை அடித்தார். ஆனால் அன்று சிகாகோவின் தூண்களில் ஜானதன் டோவ்ஸுக்கு வயது 27, பேட்ரிக் கேனுக்கு 26. அது உச்சத்தில் இருந்த அணி. வெற்றி தந்த துணிச்சலில் 2016-இல் ஆண்ட்ரூ லாடுக்காக மற்றொரு முதல் சுற்று உரிமை போனது. டேல் வைஸ், தாமஸ் பிளைஷ்மன் ஆகியோருக்காக இளம் சென்டரான (நடு முன்கள வீரரான) பிலிப் டனோவும், 2018-ஆம் ஆண்டின் இரண்டாம் சுற்று உரிமையும் போயின. சிகாகோ அந்த ஆண்டு முதல் சுற்றிலேயே செயின்ட் லூயிஸிடம் தோற்றது. டனோ 2021-இல் மான்ட்ரியாலுக்காகக் கோப்பை இறுதிச் சுற்றில் ஆடினார். சிகாகோ அவரை இழந்ததை இன்றும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கேள்வி: மூத்த வீரர்களை வைத்துக்கொண்டே மீண்டு வந்த அணி உண்டா?

பதில்: வாஷிங்டன் கேபிடல்ஸின் கதையை விரிவாகவே சொல்ல வேண்டும். 2023 பிப்ரவரியில் தங்களுக்கு அந்த ஆண்டு வாய்ப்பில்லை என்று உணர்ந்த கேபிடல்ஸ், டிமிட்ரி ஓர்லோவ், கார்னெட் ஹாத்தவே ஆகிய இருவரையும் பாஸ்டனுக்கு அனுப்பி, பாஸ்டனின் முதல் சுற்று உரிமையைப் பெற்றது. அந்த உரிமையைச் சேமித்து வைக்காமல், சில நாட்களிலேயே டொராண்டோவிடம் கொடுத்து 22 வயதான ராஸ்மஸ் சாண்டினை வாங்கியது. 65 வெற்றிகளும் 135 புள்ளிகளும் என்ற சாதனையோடு சீசனை முடித்த பாஸ்டன், புளோரிடாவிடம் முதல் சுற்றிலேயே வீழ்ந்தது. அந்தக் கோடையில் அதன் தலைவர் பேட்ரிஸ் பெர்ஜரோன் ஓய்வு பெற்றார்.

2024 கோடையில் வாஷிங்டன், 25 வயதான பியர்-லூக் டுபுவாவையும், 26 வயதான ஜேக்கப் சிக்ரனையும், கோல்கீப்பர் லோகன் தாம்சனையும் சேர்த்தது. இவர்களுக்காக ஒரு முதல் சுற்று உரிமைகூடக் கொடுக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்: டுபுவாவுக்கு டார்சி கெம்பரும், சிக்ரனுக்கு நிக் ஜென்சனும் ஒரு மூன்றாம் சுற்று உரிமையும், தாம்சனுக்கு இரண்டு மூன்றாம் சுற்று உரிமைகளும் போயின. அடுத்த சீசனில் அணி 111 புள்ளிகளுடன் கிழக்குப் பிரிவில் முதலிடம் பெற்றது. 39 வயதான அலெக்சாண்டர் ஓவெச்கின், 2025 ஏப்ரல் 6 அன்று தம் 895-ஆவது கோலை அடித்து அதிக கோல்களுக்கான வெய்ன் கிரெட்ஸ்கியின் சாதனையைக் கடந்தார். சுற்றியிருந்தவர்கள் இளையவர்களாக இருந்ததால்தான் ஒரு மூத்த வீரருக்கு இத்தகைய ஆண்டு வாய்த்தது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அப்படியானால் கிராஸ்பி ஆடும்வரை பிட்ஸ்பர்க் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஆண்டுக்கு 87 லட்சம் டாலருக்கு, சந்தை விலையைவிடக் குறைவாகக் கையெழுத்திட்ட அவருடைய ஒப்பந்தம் 2027-இல் முடிகிறது. 2024 மார்ச்சில் ஜேக் கென்ட்ஸலைக் கரோலினாவுக்கு அனுப்பி, வில்லே கோய்வுனன் உள்ளிட்ட இளம் வீரர்களையும் டிராஃப்ட் உரிமைகளையும் பெற்றது வலித்தாலும் சரியான முடிவே. அவ்வாறு சேர்த்த உரிமைகளைச் சீசன் முடிவோடு விலகிவிடக்கூடிய வீரருக்காகச் செலவிடக் கூடாது. 26 வயதுக்கு உட்பட்டவராகவும், குறைந்தது மூன்று ஆண்டுகளாவது அணியில் இருக்கக்கூடியவராகவும் ஒருவர் கிடைத்தால், முதல் சுற்று உரிமையைத் தயங்காமல் கொடுக்கலாம்.