டபுள் பேஸ்: கருவிக்கு முன் ஆசிரியர்

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கிறோம். பிளஸ் ஒன் படிக்கும் மகள் சர்ச் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறாள். இனி டபுள் பேஸ் (வில்லால் வாசிக்கும் ஆளுயரத் தந்திக் கருவி) படித்து மேற்கத்திய இசை ஆர்கெஸ்ட்ராவில் சேரப் போகிறேன் என்கிறாள். கருவி வாங்கித் தரலாமா? பிழைப்புக்கு ஆகுமா?

பதில்: இப்போது வாங்காதீர்கள். முதலில் ஆசிரியரைப் பாருங்கள்.

கிட்டார் பழகியது வீண்போகாது. இ, ஏ, டி, ஜி என்று சுருதி சேர்ப்பது இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் பேஸ் கிட்டாரில் தந்தி நீளம் பெரும்பாலும் 86 செ.மீ.; டபுள் பேஸில் சுமார் 105. ஸ்வரம் எங்கே என்று காட்டும் குறுக்குக் கம்பியான ஃபிரெட்டும் கிடையாது. விரல் எட்டாது என்பதால் கீழ் ஸ்தானங்களில் (கழுத்தின் தலைப்பக்கம்) மோதிர விரலைச் சுண்டுவிரலுக்குத் துணையாக வைத்து அழுத்துவதே பரவலான முறை. வீடியோ பார்த்துத் தப்பாகப் பழகினால் கைவலி வந்துவிடும். வில்லிலும் பிரெஞ்சு, ஜெர்மன் என இரண்டு வகை. பிடியும் வேறு, வில்லும் வேறு. ஆசிரியர் எந்த முறையோ அதைத்தான் வாங்க வேண்டும்.

சென்னையில், ஏ.ஆர். ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி போன்ற இடங்களில் விசாரிக்கும்போது, டபுள் பேஸுக்கென்றே ஆசிரியர் உண்டா என்று கேளுங்கள். இதைவிடச் சிறிய வில் கருவியான செல்லோவின் ஆசிரியரே பார்த்துக்கொள்வார் என்றால் நான் ஒப்பமாட்டேன். செல்லோவின் சுருதியும் விரல் வைப்பும் வேறு.

பிழைப்பை மறைக்காமல் சொல்கிறேன். பெரிய ஆர்கெஸ்ட்ராவிலும் டபுள் பேஸுக்குச் சுமார் எட்டு இடம்தான் இருக்கும். நம் நாட்டில் மும்பையில் 2006-ல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவை விட்டால் வெளிநாடுதான். அங்கே பல குழுக்களில் முதல் சுற்றுத் தேர்வு திரைக்குப் பின்னால். பெயரோ முகமோ தெரியாது. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் மூன்றாம் பகுதியை வாசிக்கச் சொல்வார்கள். அந்த வேகமான பகுதி சுத்தமாக வரப் பல வருட உழைப்பு வேண்டும். ஆகவே பிளஸ் டூவையும் பட்டப்படிப்பையும் விட வேண்டாம். சொல்லிக்கொடுப்பது, ரெக்கார்டிங் இரண்டும் கைகொடுக்கும். பிள்ளைக்கு ஆசை இருக்கும்போது தடுக்கவும் வேண்டாம்.

வாங்கும் காலம் வந்தால் 'முக்கால் அளவு' கேளுங்கள். பெரியவர்கள் பெரும்பாலும் வாசிப்பது அதுதான். பிளைவுட் உடம்பு போதும். நம் சித்திரை வெயிலும் குற்றாலச் சாரல் காலத்து ஈரக்காற்றும் மாறி மாறி வந்தால், முழு மரத்தில் செதுக்கியது எளிதில் வெடிக்கும்.

அதுவரை, சர்ச்சில் நான்கு குரலுக்கு எழுதிய பாட்டுப் புத்தகம் இருக்குமே, அதில் பேஸ் வரியை (அடிக்குரலுக்கான வரி) நோட்டேஷன் பார்த்துக் கிட்டாரில் வாசிக்கச் சொல்லுங்கள். வரியின் தொடக்கத்தில் வரும் பேஸ் கிளெஃப் என்ற குறி டபுள் பேஸுக்கும் அதேதான்.