பதில் (2020): கொழும்பு வெள்ளவத்தை புடவைக்கடையை மூடுவதா, வைத்திருப்பதா?

2020 மார்ச் 20 கொரோனா ஊரடங்கில் பூட்டிய கடையைத் திறந்தும் சனம் வரவில்லை, வாடகையும் புறக்கோட்டை மொத்த வியாபாரிக்குச் சரக்குக்காக முன்கூட்டித் திகதியிட்டுக் கொடுத்த செக்குகளும் கழுத்தை நெரிக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டு மூடாதீர்கள்.

முதலில் செக்குகள். திகதி வரமுன் மொத்த வியாபாரியிடம் நேரே போய்க் கதையுங்கள். விற்காத சரக்கில் ஒரு பகுதியைத் திருப்பி எடுப்பாரா என்றும் கேளுங்கள், அவருக்கும் இப்போது காசு முடக்கம்தான். சொல்லாமல் ஒரு செக் திரும்பினால் புறக்கோட்டையில் பிறகு எவரும் கடனுக்குச் சாமான் தரமாட்டார்கள். வாடகையைவிட இதுதான் எனக்குப் பயம்.

வாடகையைச் சில மாதங்களுக்கு முற்பணத்தில் கழிக்கச் சொல்லிக் கட்டடச் சொந்தக்காரரிடம் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

கலியாணங்கள் தள்ளிப்போகையில் கூறைச்சாறி யார் வாங்குவார்? சம்பளம் வெட்டுப்பட்ட வீடுகளில் காசு அரிசி, பருப்பு, பால்மாவுக்கே போகிறது. நைட்டி, சாரம், பிள்ளைகளின் வீட்டு உடுப்புகளை முன்னுக்கு வையுங்கள். பழைய வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புங்கள்.

கொரோனாவால் பாதிக்கப்பட்ட வியாபாரங்களுக்கென மத்திய வங்கி 2020இல் அறிவித்த 4 வீத வட்டிச் சௌபாக்கியாக் கடனை உங்கள் வங்கியில் விசாரியுங்கள். ஆனால் ஓடக்கூடிய சரக்கு எடுக்கவும் சம்பளத்துக்கும் மட்டும். வேலைக்கு நிற்கும் இரண்டு பிள்ளைகளையும், அரை நாளென்றாலும், விட்டுவிடாதீர்கள்.