மூன்று ஆட்டத்தை வைத்து முடிவு கட்டலாமா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் மொத்த யார்டு (பந்தை முன்னேற்றிய தூரம்) அதிகம் வைத்திருப்பவர்தான் சிறந்த குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) என்று நண்பர் சாதிக்கிறார், சீசனில் மூன்று ஆட்டம்தான் முடிந்திருக்கிறது, என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் எதிரணி யார் என்று கேளுங்கள். செப்டம்பரில் பெரிய கல்லூரிகள் சின்ன அணிகளை வரவழைத்துப் புரட்டி எடுப்பது வழக்கம். அதில் குவித்த யார்டில் பாதி வெறும் காற்று.

2018 கிளெம்சன் பல்கலைக்கழக அணியைப் பாருங்கள். கெல்லி பிரையன்ட் முந்தைய சீசனில் அணியை பிளேஆஃப் (சாம்பியன் பட்டத்துக்கான கடைசிச் சுற்று) வரை கொண்டுபோனவர். அதே குவாட்டர்பேக் இடத்துக்கு அவரோடு போட்டியிட்ட டிரெவர் லாரன்ஸ் முதலாண்டு மாணவர். சின்ன அணியான ஃபர்மனை 48-7 என்று அடித்த ஆட்டத்தில் இருவரில் யார் மேல் என்று சொல்லவே முடியாது. பெரிய அணியான டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடம் 28-26 என்று தப்பிப் பிழைத்தார்களே, அங்கேதான் விஷயம். லாரன்ஸ் சக வீரர் டீ ஹிக்கின்ஸுக்கு வீசிய 64 யார்டு டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) ஒன்றே போதும், கை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் அன்று பெரும்பாலும் ஆடியது பிரையன்ட்தான். நான்காவது ஆட்டத்தில் லாரன்ஸ் 4 டச்டவுன் வீசிய பிறகுதான் பயிற்சியாளர் டாபோ ஸ்வின்னி அவரை முதல் ஆளாக்கினார். பிரையன்ட் அணியை விட்டே போய்விட்டார்.

அப்புறம், மொத்த யார்டை விடுங்கள், ஒரு வீச்சுக்கு எத்தனை யார்டு என்று வகுத்துப் பாருங்கள். ஓடிய யார்டிலும் ஒரு சூட்சுமம் உண்டு: கல்லூரிக் கணக்கில் சாக் ஆகி (வீசும் முன்பே எதிரணியிடம் பிடிபட்டு) இழந்த யார்டை ஓட்டக் கணக்கில்தான் கழிப்பார்கள். நன்றாக ஓடுபவர்கூடத் தாளில் சோம்பேறி மாதிரி தெரிவார்.