மாமனார் கேட்டது புகையை, சிகரத்தை அல்ல

கேள்வி: டோக்கியோவில் நிஷிகசாயில் குடியிருக்கிறோம். அக்டோபர் நடுவில் சென்னையிலிருந்து மாமனார் வருகிறார். வயது 63. தினமும் ஒரு மணி நேரம் நடப்பவர். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். புகை விடுகிற எரிமலையை நடந்துபோய்க் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். நான், கணவர், பத்து வயது மகள் என்று மொத்தம் நான்கு பேர். மகளுக்குக் குளிர் நாட்களில் இளைப்பு வருவது உண்டு. எங்களிடம் கார் இல்லை. ஒரே நாளில் போய்த் திரும்ப எந்த மலை சரிப்படும்? ஃபூஜிக்குப் போகலாமா? ஆபத்து இல்லையா?

ஃபூஜியை முதலிலேயே தள்ளிவிடுவோம். அங்கே ஏறும் பருவம் ஜூலை தொடக்கத்தில் ஆரம்பித்து செப்டம்பர் 10-ஆம் தேதியோடு முடிகிறது. அக்டோபரில் பாதைகள் மூடிக் கிடக்கும். அது கடைசியாக வெடித்தது 1707-இல். 3,776 மீட்டர் மூச்சிரைக்க ஏறினாலும் உங்கள் மாமனார் கேட்கும் புகை அங்கே கிடையாது.

நான் சொல்வது தொச்சிகி மாகாணத்தின் வடகோடியில் உள்ள நாசு மலை. அதில் புகைகிற சிகரத்தின் பெயர் சௌசு-தாகே, உயரம் 1,915 மீட்டர். (ஜப்பானியர் வாயில் ஏறக்குறைய ‘சாவுசு’ என்றுதான் விழும். சென்னைக்குப் போனில் சொல்லும்போது சௌசு என்றே சொல்லுங்கள்.) சௌசு என்றால் தேயிலையைப் பொடியாக்கும் கல் திரிகை. தூரத்திலிருந்து பார்த்தால் திரிகையைக் கவிழ்த்து வைத்ததுபோல் மேல்பக்கம் மழுங்கித்தான் இருக்கிறது. 1410-இல் பெரிதாக வெடித்த மலை இது. 1963-இல் சிறிதாகச் சீறியது. இன்றும் மேற்குச் சரிவில் ஆவித்துளைகள் இரவு பகலாகப் புகைந்துகொண்டிருக்கின்றன.

இந்த மலையை உங்களுக்குச் சொல்வதற்கு முக்கியக் காரணம் அந்த மேற்குச் சரிவுதான். ரோப்வேயில் 1,684 மீட்டர் வரை போய்விடலாம். 111 பேர் நிற்கக்கூடிய பெரிய பெட்டி, நான்கே நிமிடம். மேல் நிலையத்தில் இறங்கிய பெரும்பாலோர் நேராக உச்சியைப் பார்த்து நடப்பார்கள். ஐம்பது நிமிட ஏற்றம், முதலில் கால் புதையும் சரளை, பிறகு பாறை. நீங்கள் அந்தக் கூட்டத்தோடு போக வேண்டாம். சற்று ஏறியதும் இடப்பக்கம் உஷிகாகுபி என்ற பலகை வரும். ‘மாட்டுக் கழுத்து’ என்று பொருள். மலையின் இடுப்பைச் சுற்றிப் பெரிய ஏற்றம் இல்லாமல் போகும் பாதை அது. அரை மணி நேரத்தில் ஒரு கணவாயில் கொண்டு விடும். அங்கே நின்று கீழே பார்த்தால் உபாகாதைரா என்ற சமவெளி முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக இலைகள். அக்டோபர் நடுவில் மேலே நிறம் மங்கத் தொடங்கியிருக்கலாம்; அப்படியானால் ரோப்வேயின் அடிவாரம் இலை நிறத்தில் பற்றிக்கொண்டிருக்கும், அதைப் பெட்டியிலிருந்தே பார்த்துவிடலாம்.

கணவாயிலிருந்து வடக்கே திரும்பும் பாதைதான் மாமனாருக்கான பாதை. அந்த இடத்துக்கு முகென் ஜிகோகு என்று பெயர். பௌத்தம் சொல்லும் நரகங்களில் அடிமட்டமான அவீசி நரகத்தைத்தான் ஜப்பானியர் அப்படி அழைக்கிறார்கள். நரகம் எப்படி இருக்கும் என்றால், நூறு குக்கர்களில் ஒரே சமயம் விசில் தூக்கி, யாரும் அடுப்பை அணைக்காமல் விட்டதுபோல் இருக்கும். முதலில் சத்தம் வரும், பிறகு அழுகிய முட்டை வாடை, அதன் பிறகுதான் புகை கண்ணில் படும். பக்கத்துப் பாறைகளின் விளிம்பெல்லாம் மஞ்சள் தூளாகக் கந்தகம் படிந்திருக்கும். ஆவி சீறும் துளைகள் பாதைக்கு மிக அருகிலேயே இருக்கின்றன. உச்சிக்குப் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி கிடைப்பதில்லை என்பதை மாமனாரிடம் சொல்லுங்கள்; சிகரத்தை விட்டுவிட்டோமே என்று கேட்க மாட்டார். தவிர, இந்த மலைத்தொடரிலேயே உயரமானது சௌசு இல்லை. சற்று வடக்கே இருக்கும் சன்போன்யாரி இதைவிட இரண்டு மீட்டர் கூடுதல். உயரக் கணக்கு பார்த்தால் இங்கே முடிவே கிடையாது.

உங்கள் மகள் விஷயம் வேறு. கந்தகப் புகை இளைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. அவளை உஷிகாகுபியைத் தாண்டி அழைத்துப் போகாதீர்கள். காற்றொதுங்கிய ஒரு பாறை மறைவில் நீங்களும் அவளும் உட்கார்ந்துகொள்ளுங்கள். உங்கள் கணவர் தன் அப்பாவை அழைத்துக்கொண்டு புகைவரை போய்த் திரும்பட்டும். எங்கே காத்திருப்பது, எத்தனை மணிக்குள் திரும்புவது என்பதைப் பிரிவதற்கு முன்பே பேசி வையுங்கள். மேகம் இறங்கியிருந்தால் பிரியவே வேண்டாம். எல்லோரும் அங்கிருந்தே திரும்பிவிடுங்கள். இன்ஹேலரைப் பையின் அடியில் போடாமல் சட்டைப் பையில் வையுங்கள். புகைக்கு அருகில் போகிறவர்களும் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்காமல் நடந்தபடியே பார்க்க வேண்டும். கண் எரிந்தாலோ தொண்டை கரித்தாலோ உடனே திரும்ப வேண்டும். பாதையை விட்டுப் பள்ளத்தில் இறங்கவே கூடாது. அழுகிய முட்டை வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். அளவு மிகுந்தால் மூக்கையே மரக்கடித்துவிடும். வாடை நின்றுவிட்டதே என்று நினைக்கும் இடம்தான் மோசமான இடமாக இருக்கக்கூடும். நாசுவுக்கு வடக்கே அதாதாரா என்ற எரிமலையில் 1997-இல் இந்த வாயுவால் நான்கு பேர் இறந்தார்கள்.

வெடிக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை. மாமியார் கட்டாயம் கேட்பார். ஜப்பான் வானிலை ஆய்வு நிறுவனம் எரிமலைகளுக்கு 1 முதல் 5 வரை எச்சரிக்கை நிலை அறிவிக்கிறது. கிளம்பும் முந்தைய இரவும் அன்று காலையும் அதன் தளத்தில் நாசுவின் நிலையைப் பாருங்கள். 1 என்றால் போகலாம். 2 என்றால் ஆவித்துளைகளை நெருங்கக் கூடாது என்று பொருள். அன்றைய பயணமே அதற்காகத்தான் என்பதால் ரத்து செய்துவிடுங்கள். 1 என்பது பத்திரம் என்று அர்த்தமல்ல. 2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை, காலை 11.52-க்கு ஒன்தாகே மலை வெடித்தபோது அங்கே நிலை 1 தான். இலை நிறம் பார்க்க வந்து உச்சியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த நேரம். 58 பேர் இறந்தார்கள், ஐந்து பேர் இன்றுவரை கிடைக்கவில்லை. அதுவரை நிலை 1-க்குப் பக்கத்தில் ‘சாதாரணம்’ என்று எழுதியிருந்தார்கள். மறு ஆண்டு அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘இது உயிருள்ள எரிமலை என்பதை மனத்தில் கொள்க’ என்று மாற்றினார்கள். கல் பறந்தால் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு பெரிய பாறைக்குப் பின்னால் ஒண்டுங்கள், வாயில் ஈரத்துணி, பிறகு புகை போகும் திசைக்கு எதிர்ப்பக்கமாக இறங்குங்கள். மகளுக்கு மட்டுமாவது ஹெல்மெட் எடுத்துப் போகலாம். அவளுடைய சைக்கிள் ஹெல்மெட்கூட வெறும் தலையைவிட மேல்.

ஆனால் இந்த மலையில் நான் உண்மையில் பயப்படுவது நெருப்புக்கு அல்ல, காற்றுக்கு. சௌசுவுக்கும் பக்கத்திலுள்ள அசாஹி-தாகேக்கும் நடுவே மினெனோசாயா என்று ஒரு கணவாய் இருக்கிறது. ஒரு காலத்தில் தேநீர்க்கடை இருந்த இடம். இப்போது ஆளில்லாத ஒதுங்கு குடிசை ஒன்று. ஓர் அக்டோபரில் நான் அடிவாரத்திலிருந்து நடந்தே அங்கே ஏறினேன். மரங்கள் இருந்தவரை இலைகூட அசையவில்லை. மரங்கள் முடிந்து வெட்டவெளிக்கு வந்ததும் காற்று பக்கவாட்டில் தள்ளத் தொடங்கியது. கடைசி இருநூறு மீட்டரில் காற்று சரளையைப் பொறுக்கி அட்சதை போடுவதுபோல் கன்னத்தில் எறிந்தது, வலித்தது. எனக்கு முன்னால் போன ஒருவர் நாலு காலில் தவழ்ந்துகொண்டிருந்தார். குடிசைக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். கால் மணி நேரம் கழித்து எல்லோரும் வந்த வழியே இறங்கினோம். அடிவாரத்தில் குழந்தைகள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே காற்றே இல்லை.

2023 அக்டோபரில் இதே பகுதியில், அசாஹி-தாகே பக்கம், பலத்த காற்றில் சிக்கிய நான்கு பேர் உடல் சூடு இழந்து இறந்தார்கள். பனிகூட விழாத பருவம். கணக்கு எளிது. நூறு மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும். வினாடிக்கு ஒரு மீட்டர் காற்றுக்கு உடம்பு உணர்வது ஒரு டிகிரி குறையும் என்பது மலையேறுகிறவர்கள் கைவசம் வைத்திருக்கும் கணக்கு. டோக்கியோவில் 20 டிகிரி என்றால் உஷிகாகுபியில் 10. அங்கே வினாடிக்குப் பத்து மீட்டர் காற்று அடித்தால் உடம்புக்குப் பூஜ்யம். சென்னையிலிருந்து வந்த உடம்புக்கு அது என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ‘தென்குரா’ என்று சுருக்கிச் சொல்லும் ‘தென்கி தொ குராசு’ என்ற வானிலைத் தளத்தில் ஒவ்வொரு மலைக்கும் ஏ, பி, சி என்று குறி போட்டிருப்பார்கள். நாசுவுக்கு சி என்றால் வீட்டிலேயே இருங்கள். காற்று பலத்தால் ரோப்வேயை நிறுத்திவிடுவார்கள். அதை வைத்தே நாளை முடிவு செய்துகொள்ளுங்கள்: ரோப்வே ஓடாவிட்டால் மலை இல்லை. ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், நடந்தாவது ஏறுவோம்’ என்று யாராவது ஆரம்பித்தால் காதில் வாங்காதீர்கள். காற்று இல்லாத நாளிலும் மினெனோசாயா வரை போய் அந்தப் பக்கம் இறங்கும் யோசனை வேண்டாம். உஷிகாகுபியிலிருந்து வந்த வழியே திரும்பி ரோப்வேயில் இறங்குங்கள்.

இனி நேரம். தோஹோகு ஷின்கான்செனில் நாசுஷியோபாரா நிலையத்துக்கு ஒன்றே கால் மணி நேரம். ஓர் ஆளுக்கு ஒரு வழிக் கட்டணம் சுமார் 6,000 யென். ‘நாசுனோ’ ரயில் கட்டாயம் நிற்கும், ‘யாமாபிகோ’ சில நிற்கும், ‘ஹாயாபுசா’ நிற்காது. பெயர் பார்க்காமல் ஏறினால் காலைப் பலகாரம் செண்டாயில்தான். நிலையத்திலிருந்து ரோப்வேக்கு பஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், ஒரு நாளைக்குச் சிலவே. ஆகவே பஸ் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு அதற்கேற்ற ரயிலைப் பிடியுங்கள், மாற்றிச் செய்யாதீர்கள். காலை ஆறு, ஏழு மணி ரயிலில் கிளம்பினால் பத்து மணியளவில் ரோப்வே அடியில் இருக்கலாம். இறங்கியவுடன் திரும்பும் பஸ் பட்டியலைப் போனில் படம் எடுங்கள். சனி ஞாயிறில் இலை பார்க்க வரும் கார்கள் அந்த ஒற்றைச் சாலையை அடைத்துக்கொள்ளும், பஸ்ஸும் அதிலேயே மாட்டும். மகளுக்கு ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்து வாரநாளில் போவதே உத்தமம். அக்டோபர் நடுவில் ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும். எங்கே இருந்தாலும் பிற்பகல் ஒரு மணிக்குத் திரும்பி நடக்க ஆரம்பியுங்கள். அப்படியும் ஆளுக்கொரு நெற்றி விளக்கு பையில் இருக்கட்டும்.

உடை பற்றி ஒன்றுதான் சொல்வேன்: உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையில் நனைந்து காற்றில் ஐஸாகிவிடும். பாலியெஸ்டர் பனியன், அதன்மேல் கம்பளி, அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத கோட்டு. கையுறை, காதை மூடும் தொப்பி. கணுக்கால் மூடிய காலணி இல்லாவிட்டால் சரளை உள்ளே போய் நடக்க விடாது. பாறைகளில் வட்டம் வரைந்திருந்தால் அது வழி, பெருக்கல் குறி இருந்தால் வழி இல்லை. மாத்திரைக்காரர் மாமனார் என்பதால் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். ரோப்வே நிலையத்தைத் தாண்டினால் கழிப்பறையும் இல்லை, தண்ணீரும் இல்லை. பயணத் திட்டத்தை ‘தோசான் தொதொகே’ என்ற படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ‘கம்பஸ்’ தளத்தில் வீட்டிலிருந்தே அனுப்பலாம். நான்கு பேர் எங்கே, எத்தனை மணிக்கு என்று ஒருவருக்காவது தெரிந்திருக்கும்.

சாப்பாட்டுக்குக் கடையில் விற்கும் ஓனிகிரி என்ற சோற்று உருண்டையை நம்பாதீர்கள். சைவம் என்று தோன்றும் ஊமெபோஷி (உப்பில் ஊறிய புளிப்புக் காய்) உருண்டையிலும் மீன் சாறு சேர்த்திருக்கலாம். புளிச்சோறு கட்டிக்கொண்டு போங்கள். ஆறிய பிறகும் ருசி கெடாது, குளிருக்குக் காரம் இதம்.

திரும்பும் வழியில் பஸ் நாசு யுமோத்தோவில் நிற்கும். நேரம் இருந்தால் இறங்குங்கள். ஒன்பது வால் நரி கல்லாகிப் போனதாகச் சொல்லும் செஷ்ஷோசெகி அங்கேதான். 2022 மார்ச்சில் அந்தக் கல் இரண்டாகப் பிளந்து ஊரெல்லாம் பேச்சானது. அங்கும் கந்தக வாயு கசியும், மகளை அழைத்துப் போக வேண்டாம். பக்கத்தில் ஷிகா நோ யு என்ற பழைய குளியல் வீடு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறை, 41 டிகிரியில் தொடங்கி 48 வரை தொட்டிகள். மாமனார் 41-உடன் நிறுத்திக்கொள்ளட்டும், அதுவும் ஐந்து நிமிடம். உடை களைந்து குளிக்கச் சங்கடப்பட்டால் இலவசமாகக் கால் நனைக்கும் தொட்டியும் அங்கே உண்டு. எதில் இறங்குவதானாலும் முதலில் உங்கள் மெட்டியையும் மகளின் கொலுசையும் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் முடிந்து வையுங்கள். கந்தகத் தண்ணீர் பட்டால் வெள்ளி நிமிடத்தில் கருத்துவிடும். தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது. மறந்துவிட்டால் வீட்டுக்கு வந்து பல்பொடி போட்டுத் தேயுங்கள், பெரும்பாலும் போய்விடும்.