சென்னை – சிங்கப்பூர் விமானப் பயணம்: தூரமும் நேரமும் (கேள்வி பதில்)

சென்னை–சிங்கப்பூர் தூரம் ஓரிடத்தில் 2,920, இன்னோரிடத்தில் 1,815, வேறோரிடத்தில் 1,577 என்று இருக்கிறது. எது சரி?

மூன்றும் சரி, அலகுதான் வேறு. சுமார் 2,920 கி.மீ.; அதுவே 1,815 மைல்; கடல் மைலில் 1,577. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.; விமானிகள் கணக்குப் போடுவது அதில்தான். சென்னையின் மீனம்பாக்கத்துக்கும் சிங்கப்பூர் விமான நிலையமான சாங்கிக்கும் இடையே பூமியின் வளைவையொட்டி அளந்த மிகக் குறுகிய தூரம் இது. உண்மையில் பறப்பது இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

ஏ320 ரக விமானம் மணிக்கு 830 கி.மீ. போகுமாம். அப்படியானால் மூன்றரை மணி நேரம்தானே? டிக்கெட்டில் 4.15 (4 மணி 15 நிமிடம்) போட்டிருக்கிறார்களே!

830 என்பது உச்சி உயரத்தில் காற்றில்லாதபோது உள்ள வேகம். ஏறும்போதும் இறங்கும்போதும் அது கிடைக்காது. அதோடு, டிக்கெட் நேரம் பறக்கும் நேரமே அல்ல. விமானம் இங்கே கேட்டை விட்டு நகர்ந்தது முதல் அங்கே கேட்டில் போய் நிற்கும்வரை உள்ள ‘பிளாக் டைம்’ அது. ஓடுபாதைக்கு உருண்டு போவது, வரிசையில் காத்திருப்பது, சாங்கி நெரிசலில் வானிலேயே ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றுவது எல்லாம் அதில் அடக்கம். தாமதப் பெயர் வராமலிருக்க நிறுவனங்கள் சில நிமிடங்கள் கூட்டியும் போடும். தாமதமாகக் கிளம்பிய விமானம் சில நாள் சரியான நேரத்துக்கு இறங்குவது இதனால்தான்.

போகும்போது ஏழு மணி நேரம், வரும்போது இரண்டு மணி நேரம் போலத் தெரிகிறதே?

இரு ஊர்க் கடிகாரமும் வேறு. சிங்கப்பூர் நம்மைவிட 2.30 மணி முன்னால். சென்னையில் இரவு 11.15க்குக் கிளம்பி அங்கே காலை 6.00க்கு இறங்கினால் 6.45, அதில் 2.30 கழித்தால் 4.15. திரும்பும்போது இரவு 8.00க்குக் கிளம்பி இங்கே 9.45 என்றால் 1.45, அதோடு 2.30 கூட்டுங்கள், அதே 4.15.

கிழக்கே போனால் காற்று தள்ளிவிடும், சீக்கிரம் போகலாம் என்கிறார்களே?

அது வட அட்லாண்டிக் போன்ற வடக்குப் பாதைகளுக்குப் பொருந்தும். இந்தப் பாதையில், ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் உயர்வானில் காற்று கிழக்கிலிருந்து வீசும். வானிலையாளர்கள் இதை வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்பார்கள். அது உச்சத்தில் இருப்பது 14–16 கி.மீ. உயரத்தில். விமானம் 10–12 கி.மீ.யில் போவதால் முழு வேகமும் படாது, ஆனாலும் எதிர்காற்றுத்தான். வழி நெடுக மணிக்கு 50 கி.மீ. வேக எதிர்காற்று என்றால் 13 நிமிடம் கூடும். அந்த மாதங்களில் சென்னைக்குத் திரும்பும் பயணமே சுருக்கம்.

திருச்சி தெற்கே இருப்பதால் இன்னும் பக்கம்தானே?

இல்லை. திருச்சி தெற்கே மட்டுமல்ல, மேற்கேயும் தள்ளியிருக்கிறது. சென்னையைவிட 55–60 கி.மீ. கூடுதல், பறப்பதில் நான்கைந்து நிமிடம்.

14ஆம் தேதி 00.20 விமானம். எந்த இரவு கிளம்புவது?

13ஆம் தேதி இரவு. ஒன்பது, ஒன்பதரைக்குள் விமான நிலையத்தில் இருங்கள். 14ஆம் தேதி இரவு என்று நினைத்துப் போனால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.