வாசகர் கேள்வி–பதில்: ஒரு நாளைக்கு ஒரு கதை

கேள்வி: இருபது கதைகள் உள்ள தொகுப்பு ஒன்றை இரண்டே நாளில் படித்து முடித்தேன். படிக்கும்போது எல்லாமே பிடித்தன. ஒரு வாரம் கழித்து யோசித்தால் இரண்டு கதைகூட முழுசாக நினைவில் இல்லை. ஏன்?

பதில்: படித்த வேகம்தான் காரணம். நாவலில் அதே மனிதர்களோடு முந்நூறு பக்கம் கூடவே நடக்கிறோம். சிறுகதை பத்துப் பக்கத்துக்குள் புது ஆள், புது இடம், புதுக் குரல் என்று தொடங்கி முடிந்துவிடுகிறது. முடித்த கையோடு அடுத்ததைத் திறந்தால், முதல் கதையின் கடைசி வரி மனசில் இறங்கும் முன்பே இரண்டாம் கதையின் ஆட்கள் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். ஒரே எழுத்தாளரின் தொகுப்பானால் நடையும் ஒன்றே; குழப்பம் இன்னும் அதிகம்.

சிறுகதை அரை மணியிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்கது என்று அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842-இல் எழுதினார். இடையில் எழுந்து போனால் கதை தரவேண்டிய ஒருமித்த உணர்வு கலைந்துவிடும் என்பது அவர் வாதம். அது இன்றைக்கும் செல்லும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு கதை போதும். 3,000 சொல் கதைக்கு ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். அதுவரை கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். முடித்ததும் ஐந்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு, முதல் பத்தியை மட்டும் திரும்பப் படியுங்கள். முதல் தடவை கண்ணில் படாமல் போன ஒரு பொருளோ ஒரு சொல்லோ இப்போது துலங்கும். எனக்குத் தெரிந்து சிறுகதை வாசிப்பின் பெரிய சந்தோஷம் இதுதான்.

முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். பல முன்னுரைகள் முடிவைப் போட்டு உடைத்துவிடுகின்றன.

கேள்வி: புதுமைப்பித்தனின் ஒரு கதை மிகவும் பிடித்தது. அடுத்து யாரைப் படிப்பது? பட்டியல்கள் நிறைய இருக்கின்றன, எதை நம்புவது?

பதில்: ‘சிறந்த நூறு கதைகள்’ பட்டியலை முதலிலிருந்து படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். பட்டியல் வேறொருவர் ரசனை. பிடித்த கதையையே நூல்பிடித்துப் போவது மேல்.

முதலில் அதே எழுத்தாளரின் இன்னும் மூன்று கதைகளைப் படியுங்கள். ஒன்றை மட்டும் படித்து அவரைக் கைவிட வேண்டாம்; புதுமைப்பித்தனே கதைக்குக் கதை வேறு ஆள் எழுதியதுபோல எழுதுவார். பிறகு, அவர் எழுதிய பத்திரிகையைப் பாருங்கள். 1933-இல் தொடங்கிய மணிக்கொடியைப் பிடித்தால் கு.ப.ராஜகோபாலன், ந.பிச்சமூர்த்தி, பி.எஸ்.ராமையா, மௌனி எல்லாரும் அங்கே கிடைப்பார்கள். அடுத்தது, அவர் யாரைப் புகழ்ந்தார் என்பது. மௌனியைச் ‘சிறுகதையின் திருமூலர்’ என்றவர் புதுமைப்பித்தன். மௌனி எழுதியவை ஏறக்குறைய இரண்டு டஜன் கதைகள்தான். நாளுக்கு ஒன்றாக ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும், ஆனால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படிக்க வேண்டியிருக்கும். கடைசியாக, அவர் யாரை மொழிபெயர்த்தார் என்று பாருங்கள். புதுமைப்பித்தன் அயல்மொழிக் கதைகள் பலவற்றைத் தமிழில் தந்தவர். அந்த வழியில் போனால் வேறு நாடுகளுக்குள் நுழைந்துவிடலாம்.

பழைய எழுத்தாளர்களுக்கு 1998 முதல் இயங்கும் இணைய நூலகமான மதுரைத் திட்டத்தின் இலவச மின்னூல்களைப் பாருங்கள்.

கேள்வி: சில கதைகள் சட்டென்று நின்றுவிடுகின்றன. முடிவே இல்லாததுபோல் இருக்கிறது.

பதில்: அமெரிக்க எழுத்தாளர் ஓ.ஹென்றியின் பாணிக் கதைகளில் பழகிய மனம் கடைசி வரியில் ஒரு திருப்பத்தை எதிர்பார்க்கிறது. ரஷ்ய எழுத்தாளர் செகாவின் வழியில் வந்தவர்கள் அதைத் தருவதில்லை. அங்கே ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்டால் பதில் வராது. ‘தொடக்கத்தில் இருந்த மனிதருக்கும் இப்போது இருப்பவருக்கும் என்ன வித்தியாசம்?’ என்று கேளுங்கள். அவருக்கு ஏதோ ஒன்று புரிந்திருக்கும், அல்லது அவருக்குப் புரியாதது நமக்குப் புரிந்திருக்கும். இரண்டாம் தடவையும் பிடிபடவில்லையென்றால் விட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்துத் திறக்கலாம்.

கேள்வி: எப்போதோ படித்த கதை. தலைப்பும் தெரியாது, எழுதியவரும் தெரியாது. தேடிக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: பல நேரம் முடியும். ‘மனதைத் தொட்ட கதை’ என்று தேடினால் எதுவும் அகப்படாது. கதாபாத்திரத்தின் பெயர், தொழில், கதையில் வந்த ஒரு பொருள், கடைசிக் காட்சி ஆகியவற்றை எழுதிக்கொண்டு தேடுங்கள். பாடநூலில் படித்ததா, வார இதழிலா, எந்த வருஷ வாக்கில் என்பதையும் சேர்த்துக்கொண்டால் நூலகரிடம் கேட்பது எளிது. தலைப்பு அரைகுறையாக நினைவிருந்தால், ஒற்றெழுத்தைச் சேர்த்தும் விட்டும், சொற்களைப் பிரித்தும் சேர்த்தும் தட்டச்சு செய்து பாருங்கள். பதிப்புக்குப் பதிப்பு எழுத்து மாறும்.

இனிமேல் படிப்பவற்றுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள்: தலைப்பு, எழுத்தாளர், தொகுப்பு, பக்க எண், கூடவே ஒரே ஒரு வரி. அந்த வரியில் கதைச்சுருக்கம் வேண்டாம். கண்ணில் நின்ற காட்சியை எழுதுங்கள். சுருக்கத்தைவிட அதுதான் கதையைத் திரும்பக் கொண்டுவரும்.